அணுக்கரு இணைவு மின்சாரம்: கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நூலகங்களிலும் பள்ளிகளிலும் அறிவியல் பேசப் போவது எனக்கு வழக்கம். பேச்சு கிரகணத்தைப் பற்றியதாக இருந்தாலும் சரி, மின்சார வண்டியைப் பற்றியதாக இருந்தாலும் சரி, கடைசியில் ஒருவர் எழுந்து, "சூரியனையே பூமியில செய்யறாங்களாமே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டுவிடுவார். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஊருக்கு ஊர் அதேதான். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஒரு முன்குறிப்பு. மெகாஜூலில் கணக்குச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடுகிறது. அதனால் எல்லாவற்றையும் கரண்ட் பில்லில் வரும் யூனிட்டுக்கு மாற்றியே சொல்வேன். 3.6 மெகாஜூல் ஒரு யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் இழுக்கும் மின்சாரம் அது.

1. கூடங்குளத்துல நடக்கிறதும் இதுதானே சார்?

இல்லை, நேர் எதிர். கூடங்குளத்தில் நடப்பது பிளவு. யுரேனியம் போன்ற கனமான அணுக்கருவை உடைத்து வெப்பம் எடுக்கிறார்கள். இணைவில் லேசான கருக்களை ஒட்டவைக்கிறார்கள். இன்று எல்லோரும் குறிவைப்பது ஹைட்ரஜனின் இரண்டு கனமான வடிவங்களை: டியூட்டிரியம், ட்ரிட்டியம். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஹீலியம் கருவும் ஒரு நியூட்ரானும் வெளியே வரும்.

அந்த நியூட்ரானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை அதுதான் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணமும் அதுதான்.

2. ஒட்டவைக்கிறதுல அப்படி என்ன கஷ்டம்?

இரண்டு கருக்களும் நேர்மின்னூட்டம் கொண்டவை. கிட்டே வந்தால் ஒன்றை ஒன்று தள்ளும். தள்ளலை மீறி மோதவேண்டுமானால் அசுர வேகம் வேண்டும். வாயுவைப் பொறுத்தவரை வேகம் என்றாலே வெப்பநிலைதான். அந்தக் கணக்கில் பூமியில் தேவைப்படுவது சுமார் 15 கோடி டிகிரி செல்சியஸ்.

சூடு மட்டும் போதாது. 1955இல் ஜான் லாசன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். எவ்வளவு சூடு, எவ்வளவு நெருக்கம், அந்தச் சூடு எவ்வளவு நேரம் கசியாமல் நிற்கிறது ஆகிய மூன்றையும் பெருக்கி வரும் எண் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் போட்டதைவிட அதிகம் கிடைக்கும். மூன்றில் இரண்டை எட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் என்பதில்தான் எழுபது ஆண்டுகள் போயின.

3. சூரியனோட மையமே ஒன்றரைக் கோடி டிகிரிதானாமே? நமக்கு மட்டும் ஏன் பத்து மடங்கு?

பள்ளி மாணவர்கள்தான் இதைக் கேட்பார்கள். நல்ல கேள்வி. சூரியன் இந்த வேலையில் படு மந்தம். அதன் மையத்தில் ஒரு கன மீட்டர் இடத்தில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் கீழே. எருக்குழியில் மக்கும் சாணமும் ஏறக்குறைய அந்த அளவு சூட்டைத் தரும். கன அளவுக்குக் கன அளவு பார்த்தால் நம் உடம்பே சூரிய மையத்தைவிட அதிகம் வெப்பம் தருகிறது. சூரியன் அவ்வளவு பிரகாசிப்பது அது அவ்வளவு பெரிய எருக்குழி என்பதால்.

எரிபொருளை நெருக்கிப் பிடிக்கச் சூரியனிடம் ஈர்ப்பு விசை இருக்கிறது. சுமார் 25,000 கோடி வளிமண்டல அழுத்தம். நம்மிடம் அது இல்லை. நம் கருவிக்குள் இருக்கும் எரிபொருள் காற்றைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மெல்லியது. நெருக்கம் குறைந்தால் சூட்டை ஏற்றித்தான் ஈடுகட்ட வேண்டும். எனவே "பூமியில் ஒரு சூரியன்" என்ற தலைப்பு கொஞ்சம் பொய். சூரியனைப் போல நடந்துகொண்டால் நமக்குக் கட்டுப்படியாகாது.

4. 15 கோடி டிகிரின்னா பாத்திரமே உருகிடுமே. எதுல வெச்சுப் பிடிப்பாங்க?

தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு பிடித்திருப்பீர்கள். அந்தப் பொறி ஆயிரம் டிகிரிக்கும் மேல் சூடு. ஆனால் புறங்கையில் விழுந்தால் சுருக்கென்று குத்துவதோடு சரி. வெப்பநிலை அதிகம், வெப்பம் கொஞ்சம், அவ்வளவுதான். இங்கேயும் அப்படித்தான். பிரான்ஸில் கட்டிவரும் 'ஈட்டர்' என்ற பன்னாட்டுக் கருவியின் உட்குழி 800 கன மீட்டருக்கும் மேல். அதற்குள் ஒரு நேரத்தில் மிதக்கும் எரிபொருள் ஒரு கிராம்கூட இருக்காது. அது சுவரைத் தொட்டால் சுவர் புண்படும்தான். அதற்கு முன் அதுவே ஆறி அணைந்துவிடும். இங்கே நெருப்பிலிருந்து பாத்திரத்தைக் காப்பாற்றுவதைவிடப் பாத்திரத்திடமிருந்து நெருப்பைக் காப்பாற்றுவதுதான் பெரிய கவலை.

பிடித்து வைப்பது காந்தப்புலம். அந்தச் சூட்டில் எலக்ட்ரான் தனி, கரு தனி என்று பிரிந்து பிளாஸ்மா ஆகிவிடும். மின்னூட்டம் உள்ள துகள்கள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும், எளிதில் விலகாது. நேர்க்குழாயாக வைத்தால் இரண்டு முனையிலும் ஒழுகும். சரி, முனையே இல்லாமல் உளுந்து வடை மாதிரி வளைத்துவிடலாம் என்றால், வளையத்தின் உள்பக்கம் காந்தம் வலுவாகவும் வெளிப்பக்கம் மெலிந்தும் போய், துகள்கள் மேலும் கீழுமாக நழுவும். இதற்குத் தீர்வு கயிறு திரிப்பதுபோல அந்தக் கோடுகளை முறுக்கிவிடுவது. பிளாஸ்மாவுக்குள்ளேயே மின்னோட்டம் செலுத்தி முறுக்கினால் அது டோக்காமாக், 1950களின் சோவியத் கண்டுபிடிப்பு. காந்தச் சுருள்களையே கோணல்மாணலாகச் செய்து முறுக்கினால் அது ஸ்டெல்லரேட்டர், அமெரிக்காவில் லைமன் ஸ்பிட்சரின் யோசனை.

5. காந்தம் போட்டுட்டா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?

ஈர மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் பிதுங்கும். பிளாஸ்மாவும் அப்படித்தான். எங்கே புலம் சற்றுத் தளர்கிறதோ அங்கே புடைக்கும், நெளியும். உள்ளுக்குள் சுழல்கள் கிளம்பி நடுவில் இருக்கும் சூட்டை ஓரத்துக்குக் கொண்டுவந்து கொட்டும்.

டோக்காமாக்கில் இன்னொரு தலைவலி உண்டு. ஈட்டரின் பிளாஸ்மாவில் 1.5 கோடி ஆம்பியர் மின்னோட்டம் ஓடும். ஏதோ காரணத்தால் நிலைகுலைந்தால், அது ஒரு நொடியின் சிறு பகுதியில் சரிந்துவிடும். அந்தச் சரிவில் கட்டமைப்பின் மேல் ஆயிரக்கணக்கான டன் விசை விழும். கூடவே ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் ஓடும் எலக்ட்ரான் கற்றை உருவாகிச் சுவரில் ஓட்டை போடலாம். சோதனைக் கருவியில் இப்படி நடந்தால் அது பாடம். ஊருக்கு மின்சாரம் தரும் நிலையத்தில் நடந்தால் மாதக்கணக்கில் மூடவேண்டி வரும். சரிவின் அறிகுறி தெரிந்ததும் உறைந்த நியான், ஹைட்ரஜன் உருண்டைகளை உடைத்துச் சிதறவிட்டு, சூட்டை எல்லாப் பக்கமும் பரவலாக வெளியேற்றும் ஏற்பாட்டை ஈட்டருக்காகச் செய்துவருகிறார்கள்.

6. ஹைட்ரஜன் குண்டு அந்தக் காலத்துலயே வெடிச்சிட்டாங்க. குண்டு முடியும்னா கரண்ட் முடியாதா?

1952இல் பசிபிக் தீவு ஒன்றில் அமெரிக்கா வெடித்தது இணைவுக் குண்டுதான். ஆனால் அதைப் பற்றவைத்த தீக்குச்சி ஒரு பிளவு அணுகுண்டு. அடுப்பு பற்றவைக்க வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது. மின்சாரத்துக்கு வேண்டியது அந்தத் தீயைச் சின்னதாக, நாள் முழுக்க எரியவிடும் வழி.

7. 2022லயே அமெரிக்காவுல ஜெயிச்சிட்டாங்கன்னு டிவியில சொன்னாங்களே?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகள் உண்டு. நடுவில் விரல்நுனி அளவு உலோக உருளை, அதற்குள் சுமார் 2 மில்லிமீட்டர் அகலத்தில், கடுகைவிடச் சற்றே பெரிய ஒரு வைர ஓட்டு உருண்டை. அதன் உட்சுவரில் உறைந்த டியூட்டிரியம்–ட்ரிட்டியம். லேசர் உருளைக்குள் பாய, அங்கே எழும் எக்ஸ் கதிர் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரே சீராக நசுக்கும். காந்தம் இல்லை, சிதறுவதற்குள் எரிந்து முடிந்துவிடவேண்டும் என்பதுதான் உத்தி. 2022 டிசம்பர் 5ஆம் தேதி 2.05 மெகாஜூல் லேசர் ஒளி உள்ளே போய், 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளியே வந்தது. உண்மையான சாதனை. 2025இல் அதை 8.6 மெகாஜூல்வரை கொண்டுபோனார்கள்.

இப்போது யூனிட்டுக்கு மாற்றுவோம். 3.15 மெகாஜூல் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. அந்த லேசர்களை ஒரு தடவை சுட மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். 83 யூனிட் செலவழித்து ஒரு யூனிட்டுக்கும் குறைவான வெப்பம். டிவியில் சொன்ன லாபக் கணக்கில் மீட்டரை லேசர் உருளையின் வாசலில் வைத்திருந்தார்கள். நம் வீட்டு மீட்டர் சுவரில் இருக்கிறது. (லிவர்மோர் லேசர் பழைய வகை, இன்றைய லேசர்கள் இதைவிடப் பல மடங்கு சிக்கனம். அதையும் சொல்லிவிடவேண்டும்.)

இன்னொன்று. மின்நிலையமாக ஓட நொடிக்குப் பத்து உருண்டை சுடவேண்டும், நாளொன்றுக்கு 8,64,000. இப்போதைய வேகம் நாளுக்கு ஒன்றிரண்டு. 8.6 மெகாஜூல் வெப்பத்திலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுப்பதே பெரிய காரியம். ஆக, வைர ஓட்டை மெருகேற்றி, எரிபொருளை உறையவைத்து, உலோக உருளைக்குள் மயிரிழை பிசகாமல் பொருத்தி, எல்லாம் சேர்த்து ஒரு யூனிட் விலைக்கும் குறைவாக முடிக்கவேண்டும். ஓர் உருண்டையில் இன்னும் பல மடங்கு ஆற்றல் வந்தால் இந்த நெருக்கடி தளரும். அப்போதும் அது சில்லறைக் காசு வியாபாரம்தான்.

8. சரி, காந்தம் போட்டுச் செஞ்ச பக்கம் எவ்வளவு வந்திருக்கு?

இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த 'ஜெட்' டோக்காமாக், மூடப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023இல் 69 மெகாஜூல் தந்தது. ஐந்து நொடி ஓட்டம், எரிந்த எரிபொருள் 0.2 மில்லிகிராம். யூனிட்டில் 19. ஓர் உப்புக்கல் அளவுகூட இல்லாத பொருளில் 19 யூனிட் வெப்பம் என்பதை யோசித்தால் ஏன் இத்தனை பேர் இதை விடாமல் துரத்துகிறார்கள் என்று புரியும். ஆனால் பிளாஸ்மாவைச் சூடாக்கச் செலுத்தியதே அதைவிட அதிகம். அது போகச் செம்புக் காந்தச் சுருள்களுக்கும் மின்சாரம் வேண்டும். சுடும்போதெல்லாம் மின்கட்டமைப்பு திணறாமல் இருக்க, நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இரண்டு சுழல்சக்கரங்களை முன்கூட்டியே சுற்றவிட்டு ஆற்றலைச் சேமித்து வைப்பார்கள்.

நேரக் கணக்கிலும் முன்னேற்றம் உண்டு. 2025 ஜனவரியில் சீனாவின் 'ஈஸ்ட்' 1,066 நொடியும், அடுத்த மாதமே பிரான்ஸின் 'வெஸ்ட்' 1,337 நொடியும் பிளாஸ்மாவை அணையாமல் வைத்திருந்தன. (பெயர்ப் பொருத்தம் தற்செயல் என்று நம்புவோம்.) இவற்றில் ட்ரிட்டியம் கிடையாது, ஆற்றல் உற்பத்தியும் கிடையாது. சூடான பிளாஸ்மாவை நெடுநேரம் அடக்கிவைக்கும் பயிற்சி.

9. "பற்றிக்கொள்வது" என்கிறார்களே, அது என்ன?

மழைக்காலத்தில் ஈர விறகு வைத்து அடுப்பு மூட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருக்கவேண்டும், நிறுத்தினால் புகைந்து அணையும். விறகு தானாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஊதுகுழலைக் கீழே வைக்கலாம். இணைவில் பிறக்கும் ஹீலியம் கரு மின்னூட்டம் உள்ளது. காந்தத்துக்குள்ளேயே நின்று தன் ஆற்றலைப் பிளாஸ்மாவுக்குக் கொடுக்கும். அந்தச் சூடே அடுத்தடுத்த இணைவுக்குப் போதுமானால் தீ பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

எவ்வளவு ஊதினோம், எவ்வளவு எரிந்தது என்ற விகிதத்தை 'க்யூ' என்பார்கள். ஈட்டரின் இலக்கு பத்து: 50 மெகாவாட் ஊதி 500 மெகாவாட் வெப்பம். இங்கேயும் மீட்டர் எங்கே என்று கேளுங்கள். அந்த 50 மெகாவாட்டை உள்ளே செலுத்த இரண்டு மடங்குக்கும் மேல் மின்சாரம் வேண்டும். காந்தங்களைக் குளிரவைப்பது, நீரேற்றிகளை ஓட்டுவது எல்லாம் தனி. 500 மெகாவாட் வெப்பத்தை மின்சாரமாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஈட்டரில் டர்பைனே கிடையாது, அது ஒரு யூனிட் மின்சாரமும் விற்காது. மின்நிலையம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

10. எரிபொருள் கடல் தண்ணிதானே, ஓசிதானே?

பாதி உண்மை. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் சுமார் 33 கிராம் டியூட்டிரியம் உண்டு. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றில் ஏறக்குறைய 400 கிராம். அதைப் பிரித்தெடுக்கும் கனநீர் (டியூட்டிரியம் செறிந்த தண்ணீர்) தொழில்நுட்பம் இந்தியாவுக்கு நன்றாகவே கைவந்தது. டியூட்டிரியத்துக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் ட்ரிட்டியத்தில். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். பூட்டிவைத்தாலும் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் தானாகவே கரைந்துபோகும். இயற்கையில் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு இல்லை. கனடாவில் இருப்பது போன்ற கனநீர் உலைகளில் துணைப்பொருளாகக் கிடைக்கும். கல்பாக்கத்தின் பழைய இரண்டு உலைகளும் கனநீர் வகைதான், அங்கும் கனநீரில் ட்ரிட்டியம் சேரும். ஆனால் உலகம் முழுதும் பொதுப் பயன்பாட்டுக்கு இருப்பது சில பத்துக் கிலோ. 1,000 மெகாவாட் இணைவு வெப்பம் ஓராண்டு ஓட வேண்டியதோ சுமார் 56 கிலோ. ஒரே ஒரு நிலையம் உலகக் கையிருப்பு முழுவதையும் ஓராண்டுக்குள் விழுங்கிவிடும்.

11. அப்போ ட்ரிட்டியத்துக்கு எங்கே போவாங்க?

உலையே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளவேண்டும். முதல் பதிலில் சொன்ன நியூட்ரானுக்கு இங்கே வேலை. சுவருக்குப் பின்னால் லித்தியம் நிரம்பிய ஒரு 'போர்வை' வைத்தால், நியூட்ரான் அதில் மோதி ட்ரிட்டியம் உண்டாகும். தாளில் அழகான யோசனை.

கணக்கைப் பாருங்கள். ஓர் இணைவில் ஒரு ட்ரிட்டியம் செலவு, ஒரு நியூட்ரான் வரவு. அந்த ஒரு நியூட்ரான் தவறாமல் ஒரு ட்ரிட்டியம் செய்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். ஆனால் சில நியூட்ரான்கள் எஃகில் தொலையும். சூடேற்றும் குழாய்களுக்கும் அளவைக் கருவிகளுக்கும் விட்ட துவாரங்களில் சில நழுவும். உண்டான ட்ரிட்டியத்தில் கொஞ்சம் உலோகத்துக்குள் ஊறி ஒளிந்துகொள்ளும். அதனால் ஈயமோ பெரிலியமோ வைத்து நியூட்ரான்களைப் பெருக்கவேண்டும். இயற்கை லித்தியத்தில் 7.5 சதவீதமே உள்ள லித்தியம்-6 வகையைத் தனியாகச் செறிவூட்டவும் வேண்டும்.

இந்தச் சுழற்சியை முழு அளவில் எவரும் இதுவரை ஓட்டிக் காட்டியதில்லை. ஈட்டரில்கூடச் சின்னச் சின்ன மாதிரிப் போர்வைகள்தான். என்னைக் கேட்டால், பிளாஸ்மாவைவிட இதுதான் பெரிய கண்டம். ஆனால் செய்தித் தலைப்பாகாது. "தேவையானதைவிடச் சற்று அதிக ட்ரிட்டியம் கிடைத்தது" என்று போட்டால் யார் படிப்பார்கள்?

12. சுவர் உருகாதுன்னு நாலாவது பதில்ல சொல்லிட்டீங்க. அப்புறம் சுவருக்கு என்ன பிரச்சினை?

இரண்டு. முதலாவது, கழிவு வெளியேறும் இடம். ஹீலியம் என்ற சாம்பலை அள்ளாவிட்டால் தீ மங்கும். அதனால் காந்தக் கோடுகளை அடிப்பக்கம் திறந்துவிட்டு, ஓரப் பிளாஸ்மாவை ஒரு தட்டின்மேல் விழவைக்கிறார்கள். அந்தத் தட்டுக்கு 'டைவர்ட்டர்' என்று பெயர். ஈட்டரில் அதன்மேல் சதுர மீட்டருக்கு ஒரு கோடி வாட் விழும், உச்சி வெயிலைப்போல பத்தாயிரம் மடங்கு. 3,422 டிகிரியில் உருகும் டங்ஸ்டன் ஓடுகளை, பின்னால் தண்ணீர் பாயும் செம்புக் கலவைக் குழாயோடு ஒட்டி வைக்கிறார்கள். ஓடு கீறல்விட்டாலோ ஒட்டு விட்டுப்போனாலோ அந்த இடம் போச்சு.

இரண்டாவது, மறுபடியும் நியூட்ரான். மின்னூட்டம் இல்லாததால் காந்தம் அதைத் தடுக்காது. பிளவு உலையில் பிறக்கும் நியூட்ரானைப்போல ஏழு மடங்கு ஆற்றலோடு எஃகில் பாயும். எஃகின் அணுக்கள் கேரம் காய்கள் மாதிரி இடம்பெயரும். ஆண்டுக்கணக்கில் ஓடும் நிலையத்தில் சுவரின் ஒவ்வோர் அணுவும் சராசரியாகப் பல தடவை இடம் மாறியிருக்கும். உலோகத்துக்குள்ளேயே ஹீலியம் உண்டாகிக் குமிழ் கட்டி, எஃகு உப்பி நொறுங்கத் தொடங்கும். எந்த எஃகு எத்தனை ஆண்டு தாங்கும் என்று சோதிக்க இதே ஆற்றலுள்ள வலுவான நியூட்ரான் ஊற்று வேண்டும். அதற்காகவே ஸ்பெயினின் கிரனடா அருகே ஒரு சோதனைக்கூடம் கட்டிவருகிறார்கள். அதுவரை எழுதப்படும் "நாற்பது ஆண்டு ஓடும்" என்ற விளம்பரங்களை நான் எச்சரிக்கையோடுதான் படிக்கிறேன்.

13. ஈட்டர் ஏன் இவ்வளவு தாமதம்? ஊழலா?

ஊழல் கதையை நான் எங்கும் பார்க்கவில்லை. ஏழு தரப்பு (ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா, சீனா, ஜப்பான், தென் கொரியா, ரஷ்யா, அமெரிக்கா) காசுக்குப் பதில் பெரும்பாலும் பாகங்களாகக் கொடுப்பது என்று 2006இல் ஒப்பந்தம். ஏழு வீட்டில் சமைத்து ஓர் இடத்தில் பந்தி போடுவதுபோல. முதலில் சொன்ன ஆண்டுகள் எல்லாம் தாண்டி, 2024இல் வெளியிட்ட திட்டப்படி ஆய்வு ஓட்டம் 2034இல், டியூட்டிரியம்–ட்ரிட்டியம் 2039இல்.

கோவிட் ஒரு காரணம். அதைவிடச் சொல்லவேண்டியது ஒரு விரிசல் கதை. வெற்றிடக் கலத்துக்கும் காந்தங்களுக்கும் நடுவே, காந்தத்தின் குளிர் கெடாமல் காக்க வெள்ளிப்பூச்சிட்ட கேடயத் தகடுகள் உண்டு. அவற்றின்மேல் குளிர்விக்கும் குழாய்களை வெல்டிங் செய்து பற்றவைத்திருந்தார்கள். பூச்சுக்கு முன் செய்த சுத்தத்தில் குளோரின் எச்சம் பற்றுமுனைகளின் இடுக்கில் தங்கிவிட்டது. அழுத்தத்தில் இருந்த எஃகை அது அரித்து, சுமார் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு விரிசல் விட்டது. ஏற்கனவே குழியில் இறக்கிய பகுதியைத் தூக்கி வெளியே எடுத்துக் குழாய்களையே மாற்றவேண்டியதாயிற்று. கூடவே, கலத்தின் சில துண்டுகளின் விளிம்புகள் வரைபட அளவில் இல்லாததால் நிரப்பிச் செதுக்கும் வேலை. 15 கோடி டிகிரி சாகசத்தை நிறுத்திவைத்தது பாத்திரம் கழுவிய தண்ணீர்.

14. நம்ம நாட்டுப் பங்கு என்ன?

சிறியது அல்ல. ஈட்டரை முழுதுமாக மூடும் எஃகுக் கூடு, அகலமும் உயரமும் 29 மீட்டருக்குப் பக்கம், 3,800 டன்னுக்குப் பக்கம். அது குஜராத்தின் ஹசீராவில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டுக் கப்பலில் போனது. காந்திநகர் அருகே பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் 'ஆதித்யா' டோக்காமாக் 1989இலிருந்து இயங்குகிறது. மீக்கடத்திக் காந்தங்கள் (மின்தடையே இல்லாத சுருள்கள்) கொண்ட எஸ்எஸ்டி-1 கருவியும் அங்கேதான்.

இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1955 ஜெனீவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இருபது ஆண்டுகளுக்குள் கட்டுப்பாடான இணைவுக்கு வழி கண்டுவிடுவார்கள் என்று மேடையிலேயே கணித்தார். "இன்னும் இத்தனை வருடத்தில்" என்ற வரிசை அங்கிருந்தே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

15. "இன்னும் முப்பது வருஷம்"னு எப்பவும் சொல்லிக்கிட்டே இருக்காங்களே, ஏமாத்து வேலைதானே?

ஏமாற்றும் நடந்திருக்கிறது, அவசரமும் நடந்திருக்கிறது. 1951இல் அர்ஜென்டினாவில் ரிக்டர் என்பவரை நம்பி அதிபர் பெரோன் அறிவித்த இணைவு வெற்றி வெறும் புரளி. 1958இல் பிரிட்டனின் 'ஜீட்டா' கருவியில் நியூட்ரான் தெரிந்ததும் வெற்றி என்று கொண்டாடினார்கள். அது உண்மையான வெப்ப இணைவு அல்ல என்று சில மாதங்களிலேயே ஒப்புக்கொண்டார்கள். 1989இல் யூட்டாவில் இரண்டு வேதியியலாளர்கள் மேசைமேல் கண்ணாடிக் குடுவையில் "குளிர் இணைவு" கண்டதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன வெப்பம் இணைவால் வந்திருந்தால், அதோடு வந்த நியூட்ரான்களே அவர்களைக் கொன்றிருக்கும்.

எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. 1968இல் சோவியத் விஞ்ஞானிகள் டோக்காமாக்கில் ஒரு கோடி டிகிரி எட்டியதாகச் சொன்னபோது மேற்கில் நம்பவில்லை. பனிப்போர் நடுவிலும் பிரிட்டிஷ் குழு ஒன்று லேசர் கருவிகளோடு மாஸ்கோ போய் 1969இல் தானே அளந்து பார்த்தது. சொன்னது சரி. அதன்பின் உலகமே டோக்காமாக் பக்கம் திரும்பியது. ஆக, இந்தத் துறையில் அளந்து காட்டியவர்களும் இருக்கிறார்கள், அறிவிப்பு மட்டும் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

16. தனியார் கம்பெனிங்க 2028, 2030னு சொல்றாங்க. நம்பலாமா?

பொருளை நம்பலாம், தேதியை வேண்டாம். 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் காமன்வெல்த் ஃபியூஷன் நிறுவனமும் சேர்ந்து, புதுவகை மீக்கடத்தி நாடாவைச் சுற்றி 20 டெஸ்லா (காந்தப்புல வலுவின் அலகு) காந்தம் செய்து காட்டின. இது முக்கியமானது. காந்தப்புலம் இரண்டு மடங்கானால், அதே அளவு கருவியில் இணைவு ஆற்றல் பதினாறு மடங்குவரை ஏறலாம். கருவி சிறிதாகும், சீக்கிரம் கட்டலாம். அவர்களின் 'ஸ்பார்க்' டோக்காமாக் அந்த நம்பிக்கையில்தான் உருவாகிறது.

ஆனால் கருவி சிறிதானால் சுவரும் சிறிது. அதே வெப்பம், அதே நியூட்ரான், குறைந்த பரப்பில். 12ஆம் பதிலில் உள்ள இரண்டு பிரச்சினையும் கூடுமே தவிரக் குறையாது. 11ஆம் பதிலில் உள்ளது அப்படியே இருக்கிறது. ஹீலியன் என்ற நிறுவனம் 2028இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு மின்சாரம் தருவதாக 2023இல் ஒப்பந்தம் போட்டது. நான் பந்தயம் கட்டமாட்டேன்.

17. நிலாவுல ஹீலியம்-3 இருக்காமே? அதுல நியூட்ரானே வராதாமே?

வருவது குறைவு, வராமல் இருக்காது. ஹீலியம்-3ஐ டியூட்டிரியத்தோடுதான் இணைப்பார்கள், அந்த டியூட்டிரியம் தனக்குள்ளேயே இணைந்து நியூட்ரான் தரும். வெப்பநிலையும் பல மடங்கு வேண்டும். நிலா மண்ணில் ஹீலியம்-3 நூறு கோடியில் சில பங்கு. மலை மலையாகத் தோண்டிச் சூடாக்கிப் பிரிக்கவேண்டும். முதல் அடுப்பே இன்னும் பற்றவில்லை.

18. வெடிச்சா என்ன ஆகும்? கழிவு?

செர்னோபில் மாதிரி ஆகாது. தொடர்வினையே கிடையாது, உள்ளே இருப்பதும் 4ஆம் பதிலில் சொன்ன ஒரு கிராமுக்குக் குறைவான எரிபொருள். ஏதாவது கெட்டால் அணைந்துபோகும். எரியவைப்பதே இவ்வளவு கஷ்டம் என்பதுதான் இங்கே பாதுகாப்பு.

ஆனால் "கழிவே இல்லை" என்பது தவறு. நியூட்ரான் பட்ட சுவர் கதிரியக்கம் அடையும். நிக்கல், மாலிப்டினம் தவிர்த்த தனி எஃகு பயன்படுத்தினால் பெரும்பகுதி நூறு ஆண்டு அளவில் அடங்கும், பல்லாயிரம் ஆண்டு காவல் வேண்டாம். ட்ரிட்டியம் தண்ணீரோடு எளிதில் கலக்கும் என்பதால் அதைக் கசியாமல் பிடிப்பது தினசரிக் கவலையாக இருக்கும்.

19. அதுக்குப் பதிலா சோலார், காத்தாடி போட்டுட்டுப் போயிடலாமே?

போடவேண்டும், இப்போதே. அடுத்த இருபது ஆண்டுகளில் கரியைக் குறைக்க இணைவு உதவாது என்பது என் கணிப்பு. நாளைக்கே 'க்யூ' பத்து கிடைத்தாலும் போர்வை, எஃகு, பழுது பார்க்கும் ரோபோ எல்லாம் தேறி வரவேண்டும். விலையும் எரிபொருளில் இல்லை, கட்டடத்தில் இருக்கிறது. சில ஆண்டுக்கு ஒருமுறை உட்சுவரை ரோபோக் கைகளால் பிரித்து மாற்ற நிலையத்தை மூடும் ஒவ்வொரு மாதமும் நட்டம். காற்றும் வெயிலும் இல்லாத இடத்துக்கு, இந்த நூற்றாண்டின் பிற்பாதிக்கு, என்று வைத்துக்கொண்டால் உழைப்பு வீணில்லை.

20. என் பொண்ணு இதுல சேரணுங்கறா. பிசிக்ஸ்தான் எடுக்கணுமா?

எடுக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தில் இருக்கும் தடைகளை எண்ணிப் பாருங்கள்: எஃகு, ட்ரிட்டியம் வேதியியல், குளிர்பதனம், ரோபோ, உயர்மின்னணுவியல். உலோகவியல் படித்தவர்களுக்குத்தான் ஆள்தேவை அதிகம் என்பேன். உலோகப் பற்றவைப்பும் (வெல்டிங்) அதன் சோதனையும் தனிக் கலை. 13ஆம் பதிலில் சொன்ன விரிசல் வெளியே தெரிந்தது 2021இல், ஒரு பகுதியில் ஹீலியம் வாயுவை விட்டுக் கசிவு பார்த்தபோது. வழக்கமாகச் செய்யும் சோதனைதான் அது.